குண்டம்மா பெட்டிக்குள் இருந்த பதினான்கு நாட்கள்

ஏப்ரல் 21, திங்கள்

முப்பது பொம்மைகளுக்கு விளக்க அட்டை எழுதச் சொல்லிவிட்டார் ஜெசிந்தா மேடம். ஒன்றுக்கு நாற்பது சொல். ஜூன் முதல் தேதி திறப்பு. ‘உலகக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்கள்’ என்று பேனர் அடிக்கக் கொடுத்தாயிற்று, பொம்மைகளில் பாதி இன்னும் அட்டைப் பெட்டிக்குள் கிடக்கின்றன. இந்த அருங்காட்சியகத்தில் நான் பராமரிப்பு உதவியாளர். தூசி துடைப்பது, எண் போடுவது, பூச்சி அரிக்காமல் காப்பது, அவ்வளவுதான் என் வேலை. எழுதுவது எனக்கு வராது என்று சொன்னேன். "உங்க கையெழுத்துதான் சுகந்தி நல்லா இருக்கும்" என்றார். கம்ப்யூட்டரில் அடிக்கப்போகிற அட்டைக்குக் கையெழுத்து எதற்கு என்று கேட்க நினைத்தேன். இயக்குநர் என்று ஒருவர் இருந்தால் அவரிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட முடியாது.

குறிப்பெடுக்கத்தான் இந்த நோட்டு. சொந்தக் கதையும் நடுவில் வரும் போலிருக்கிறது. வரட்டும்.

வீட்டில் இப்போது தன்விகா இருக்கிறாள். தங்கை பரிமளாவின் பெண், ஐந்தே முக்கால் வயது. பரிமளா போய் ஆறு வாரம் ஆகிறது. தலைவலி என்று மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் புருஷன் கதிர் மஸ்கட்டில் ஒரு மீன் கம்பெனியில் குளிர் அறை மெக்கானிக். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு திரும்பிப் போனார். மே 26 வருகிறார். குழந்தை இங்கே உறையூரில் என்னோடு இருப்பதா, கரூரில் அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போவதா என்று வந்துதான் சொல்வார். ஜூன் இரண்டு பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

எனக்கு எதுவானாலும் சரிதான். ஜூன் வரைக்கும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் கூட்டி வந்தேன்.

வரும் வழியில் குழந்தைகள் உட்காரும் மர நாற்காலி ஒன்று வாங்கினேன். அவள் போனாலும் பூந்தொட்டி வைக்க ஆகும்.

ஏப்ரல் 24, வியாழன்

முதல் அட்டை: களிமண் காளை, நகல். சிந்துவெளியில் கிடைத்தது. தலை தனி, உடம்பு தனி. நடுவில் நூல் கோத்து இழுத்தால் தலை ஆடும். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ ஓர் ஆள், வேலை வெட்டியை விட்டுவிட்டு, பிள்ளை சிரிக்க வேண்டும் என்பதற்காக மாட்டின் கழுத்தில் ஓட்டை போட்டிருக்கிறான். நாற்பது சொல்லில் இதை எழுத முடியவில்லை. ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது.

தன்விக்குக் கோடை விடுமுறை என்பதால் என்னோடுதான் வருகிறாள். என் மேஜைக்குக் கீழே அவளுக்கு ஒரு பாய். காளையைக் காட்டினேன்.

"தலைய ஆட்டி என்ன சொல்லுது பெரிம்மா?"

"ஆமாங்குது."

"எதக் கேட்டாலுமா?"

"எதக் கேட்டாலும்."

"அப்ப அது வேஸ்ட்" என்று சொல்லிவிட்டு மேஜைக்கு அடியில் போய்விட்டாள். அவள் அம்மாவும் இப்படித்தான், பட்டென்று முகத்துக்கு நேராகச் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எத்தனை பொம்மை காட்டினாலும் அவள் எடுத்து விளையாடுவதில்லை. அவளுக்கு ஒரே பொம்மைதான், குண்டம்மா. பரிமளா தன் பழைய நைட்டியை வெட்டி, தலையணைப் பஞ்சை அடைத்துத் தைத்துக் கொடுத்தது. கை இரண்டும் ஒரே நீளத்தில் இல்லை. சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் அது கூடவே இருக்க வேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கதிர் வீடியோ காலில் வந்தார். தன்வி நாக்கை நீட்டிக் காட்டினாள், அவரும் நீட்டினார், பத்து நிமிஷம் இதே கூத்து. பிறகு அவள் விளையாடப் போனதும் வழக்கமான கேள்வி.

"அக்கா, அன்னிக்கி எடுத்துறலாம்னு யாரு முடிவு பண்ணது?"

"எல்லாரும்தான் தம்பி. பெரியவங்க சொன்னாங்க."

"எந்தப் பெரியவங்க?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அந்த நாளைப் பற்றி இந்த நோட்டில் எழுதுவதாக இல்லை.

ஏப்ரல் 30, புதன்

கேஸ் சிலிண்டர் வரவில்லை. இரண்டு அட்டை முடிந்தது.

மே 3, சனி

குண்டம்மாவின் முதுகில் தையல் விட்ட இடத்திலிருந்து பழுப்பாக ஒரு புழு எட்டிப் பார்த்தது. துணி அரிக்கும் வண்டின் புழு. இருபது வருஷமாக நான் சண்டை போடுகிற சத்துரு, என் வீட்டுக்குள்ளேயே, குழந்தையின் மெத்தையில். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்கள் அருங்காட்சியகத்தில் துணிப் பொருள் எது வந்தாலும் முதலில் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் போகாமல் கட்டி, பெரிய ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைப்போம். மருந்து அடித்தால் துணி வெளுக்கும். குளிரில் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும், துணிக்கு ஒரு கெடுதியும் இல்லை. அங்கே இப்போது பெரு நாட்டுத் துணிப் பொம்மைகள் ஏழும் படுத்திருக்கின்றன, இடமில்லை. வீட்டு ஃப்ரீசருக்கு அந்த அளவு குளிர் கிடையாது, இருந்தாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தேன். வேறு யாராவது என்றால் வெயிலில் போட்டு உதறியிருப்பார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை.

தன்வியை உட்கார வைத்துச் சொன்னேன். "குண்டம்மாவுக்கு வயித்துல பூச்சி. ஐஸ்ல வச்சா சரியாப் போயிரும். ரெண்டு வாரம் கழிச்சு எடுத்தா முன்ன மாதிரி நல்லா இருப்பா."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. உறைக்குள் இருந்த பொம்மையையும் ஃப்ரீசர் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு நாள் பத்தாதா?"

"பத்தாது தங்கம். ஒரு நாள்ல எடுத்துட்டா ஒண்ணுமே சரியாகாது. எல்லாம் வீணாப் போயிரும்."

"ஒரு நாள்ல எடுத்தா வீணாயிருமா?"

"ஆமா. பொறுமையா இருக்கணும்."

சரி என்று தலையாட்டினாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நல்ல பிள்ளை.

மே 5, திங்கள்

மெக்சிகோவில் பழைய களிமண் நாய்கள் கிடைத்திருக்கின்றன. கால்களுக்குச் சக்கரம். அந்த ஜனங்களிடம் வண்டி இருந்ததற்கே தடயம் இல்லையாம். பெரியவர்கள் முதுகில் சுமை தூக்கி நடந்தார்கள், பிள்ளைகளின் நாய்க்கு மட்டும் சக்கரம். எழுதும்போது பிடித்திருந்தது.

ஃப்ரீசரைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை. ஐஸ் கட்டி எடுக்கப் போனேன், தன்வி கதவின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "தொறந்தா மொதல்லேர்ந்து எண்ணணும்" என்கிறாள். காலண்டரில் கட்டம் கட்டமாகப் பென்சிலால் அடிக்கிறாள். வெந்நீராகக் குடித்துக்கொண்டிருக்கிறேன், மே மாசத்தில்.

மே 8, வியாழன்

மேடத்தோடு தகராறு. பழைய எகிப்தில் கிடைத்த ஒரு விளையாட்டுச் சாமான், நம்மிடம் இருப்பது நகல். சின்னச் சின்னக் கல் கட்டைகளை நிறுத்தி வைத்து உருண்டையை உருட்டித் தள்ளுவது. அது கிடைத்த இடம் ஒரு குழந்தையின் கல்லறை. அப்படியே எழுதினேன். மேடம் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

"கொழந்தைங்க வர்ற எடம் சுகந்தி. கல்லறைன்னு எதுக்கு? ‘எகிப்தில் கிடைத்தது’ன்னு போடுங்க, போதும்."

"மேடம், உலகத்துல மிச்சம் இருக்கிற பழைய பொம்மையில பாதி அங்கேர்ந்துதான் வந்துருக்கு."

"இருக்கட்டும். அத நாம சொல்லணும்னு இல்ல."

சரி என்று வந்துவிட்டேன். சொல்லாமல் விடுவதில் எனக்கும் நல்ல பழக்கம் உண்டு.

மே 11, ஞாயிறு

மத்தியானம் கரண்ட் போனது. தன்வி வீறிட்டு அலறினாள். ஓடிப்போய்ப் போர்வையை இழுத்து வந்து ஃபிரிட்ஜைச் சுற்றிப் போர்த்தி, அதைக் கட்டிக்கொண்டு நின்றாள். வேர்த்து ஊற்றுகிறது, விட மாட்டேன் என்கிறாள்.

"தன்வி, மூடியத் தொறக்காம இருந்தா ரெண்டு மூணு மணி நேரம் ஒண்ணுமே ஆகாதுடா. குளிரு உள்ளேயேதான் இருக்கும்."

"நெஜமாவா?"

"நெஜமா. எனக்குத் தெரியும். என் வேலையே அதான்."

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று உறைத்தது.

மேலே எழுதப் பிடிக்கவில்லை.

மே 14, புதன்

ஜப்பானில் சில கோயில்களில் பழைய பொம்மைகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, மந்திரம் சொல்லி, வணங்கி அனுப்புகிறார்களாம். இத்தனை வருஷம் கூட இருந்ததற்கு நன்றி சொல்லி வழியனுப்புவது. குப்பையில் போட மனசு வராதவர்கள். பழைய கிரேக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் தங்கள் பொம்மைகளைத் தெய்வத்தின் காலடியில் வைத்துவிட்டுப் போவார்களாம். வட அமெரிக்கப் பழங்குடிகள் சோளத்தோலில் செய்கிற பொம்மைக்கு முகமே வைப்பதில்லை. தன்வி இதைக் கேட்டுவிட்டு, "மொகம் இல்லன்னா யாருன்னு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் அட்டையில் எழுதவில்லை.

காலண்டரில் இன்னும் மூன்று கட்டம் பாக்கி.

மே 17, சனி

காலையில் ஆறு மணிக்கே எழுப்பிவிட்டாள். தானே பல் தேய்த்து, தானே ஜடையும் போட்டிருந்தாள், கோணலாக. குண்டம்மாவை எடுத்து, உறையோடு மேஜையில் வைத்தேன். சில்லிப்பு போகும் வரை பிரிக்கக்கூடாது, பிரித்தால் துணியில் ஈரம் கோத்துவிடும். அதற்கும் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்குப் பிரித்தேன். தூரிகையால் தட்டினேன், நாலு புழு, நாலும் செத்திருந்தது. முதுகைத் தைத்துக் கையில் கொடுத்தேன்.

முகர்ந்து பார்த்தாள். கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "நல்லாயிட்டா" என்றாள். எத்தனையோ வாரம் கழித்து இன்றைக்குத்தான் வாய் கொள்ளாமல் சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு சாதாரணமாக, தண்ணீர் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"அப்ப அம்மாவ மட்டும் ஏன் ஒரே நாள்ல எடுத்தீங்க?"

மே 18, ஞாயிறு

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. அவள் கேட்டதும் கடைக்குப் போகிறேன் என்று தெருவுக்கு வந்து, முக்கு வரை போய், ஒன்றும் வாங்காமல் திரும்பினேன்.

இப்போது எழுதுகிறேன்.

மார்ச் 9 சாயங்காலம் கண்ணாடிப் பெட்டி வந்தது. வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டில் எல்லோரும் செய்வதுதான். மகனோ புருஷனோ வந்து சேரும் வரைக்கும் முகம் அப்படியே இருக்க வேண்டும். கதிரின் பாஸ்போர்ட் கம்பெனி கையில் இருந்தது. எப்படியோ வாங்கி டிக்கெட் போட்டு, செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு வந்து இறங்குகிறேன், அதுவரை வைத்திருங்கள் என்று போனில் கதறினார். சரி என்று சொன்னது நான்.

அன்று ராத்திரி கரண்ட் போனது. ஒன்றே முக்கால் மணி நேரம். கண்ணாடிக்கு உள்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்தது. பரிமளாவின் முகம் அதற்குப் பின்னால் கலங்கலாகத் தெரிந்தது. நான் ஒரு துணியை வைத்து வெளியிலிருந்து துடைத்துக்கொண்டே இருந்தேன். உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியிலிருந்து துடைத்தால் போகாது என்று எனக்குத் தெரியாதா.

விடிந்ததும் எங்கள் தாய்மாமா கேட்டார், "மாப்ள வர்ற வரைக்கும் வச்சிருப்போமா சுகந்தி?" நான் வேண்டாம் என்றேன். கரண்ட் போய்விட்டது, தாங்காது, எனக்குத் தெரியும், நான் இந்த வேலைதான் பார்க்கிறேன் என்றேன். குளிரைப் பற்றி நான் சொன்னால் குடும்பத்தில் யார் மறுப்பார்கள். பதினோரு மணிக்கு எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை கதிர் ஏர்போர்ட்டிலிருந்து நேராக ஒரு வெறும் கூடத்துக்கு வந்தார்.

தாங்கியிருக்கும். மூடியைத் திறக்காமல் இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இன்னொரு ராத்திரி அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார என்னால் முடியவில்லை, அதுதான் உண்மை. கேட்டவர்களுக்கெல்லாம் பெரியவர்கள் முடிவு என்று சொன்னேன்.

இது தெரிந்தால் அவர் தன்வியை என்னிடம் விட மாட்டார். நான் அவராக இருந்தால் நானும் விட மாட்டேன். எனக்கு அவள் வேண்டும். ஜூன் வரைக்கும் என்று எழுதியதெல்லாம் சும்மா.

மே 19, திங்கள்

லீவு போட்டேன். தன்வியை மடியில் உட்கார வைத்தேன்.

"அம்மாவ ரெண்டு வாரம் வச்சிருந்தாலும் அம்மா முழிச்சிருக்க மாட்டாடா."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? வச்சுப் பாத்தீங்களா?"

"பாக்கல. ஆனா தெரியும். குண்டம்மாவுக்கு உசுரு கெடையாது. அவளுக்குள்ள இருந்த பூச்சிக்குத்தான் உசுரு. அத சாகடிக்கத்தான் ஐஸ்ல வச்சோம். அம்மாவுக்கு உசுரு இருந்துச்சு. அது போயிருச்சு. போனா எந்தப் பெட்டியில வச்சாலும் திரும்ப வராது."

குண்டம்மாவின் காதைத் திருகினாள்.

"அப்ப எதுக்கு அம்மாவப் பெட்டியில வச்சீங்க?"

"அப்பா வந்து பாக்கணும்னு."

"அப்பா பாத்தாங்களா?"

"இல்ல."

"ஏன்?"

இந்தப் பெண் வக்கீலாகப் போவாள். "நான் காத்திருக்கல" என்றேன்.

இரண்டு மாசமாகப் பெரியவர்கள் யாரிடமும் சொல்ல முடியாததை ஆறு வயது நிரம்பாத பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். அவள் என் மடியிலிருந்து இறங்கிப் போய் அந்த மர நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்து அழுதாள். அம்மா வர மாட்டாள் என்று முதல்முறை புரிந்து அழுதாள் என்று நினைக்கிறேன். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நானும் அழுதேன். மத்தியானம் தயிர் சாதம் சாப்பிட்டோம்.

மே 22, வியாழன்

எகிப்து அட்டையைத் திரும்ப எழுதினேன். ‘இதோடு விளையாடிய குழந்தை இறந்துபோனது. வீட்டார் இதையும் கூடவே வைத்து அனுப்பினார்கள். அதனால்தான் நாம் இன்று இதைப் பார்க்கிறோம்.’ மேடம் மேஜையில் வைத்துவிட்டு, பதில் கேட்காமல் வந்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தால், அது அச்சுக்குப் போகிற அட்டைக் கட்டுக்குள் இருந்தது. சிவப்பு மை இல்லை.

மே 26, திங்கள்

கதிர் வந்துவிட்டார். இளைத்துக் கறுத்திருக்கிறார். தன்வி கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. அவர் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தைக் குண்டம்மாவுக்கும் ஊட்டுகிறாள். மூன்று பேருமாகச் சிரித்துக்கொண்டு சாப்பிட்டோம். இன்றைக்குச் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மே 27, செவ்வாய்

மிக்ஸி ஓடவில்லை என்று கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். தன்வி பக்கத்து வீட்டில் இருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர்கள் இல்லை, நான்தான் என்றேன். கரண்ட் போனதையும் சொன்னேன்.

ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"எவ்ளோ நேரம் போச்சு?"

"ஒண்ணே முக்கா மணி நேரம்."

"மூடி மூடித்தான இருந்துச்சு?"

"மூடித்தான் இருந்துச்சு."

"ஒண்ணும் ஆயிருக்காதுக்கா. நான் தெனம் பாக்குற வேல. ஒரு போன் பண்ணி கேட்ருந்தா சொல்லிருப்பேனே."

"தெரியும் தம்பி. எனக்கும் தெரியும். என்னால முடியல, அதான்."

அவர் கத்தியிருந்தால் தேவலை. மிக்ஸியை ஒவ்வொரு திருகாகத் திரும்ப மாட்டினார். போட்டுப் பார்த்தார், ஓடியது. கை கழுவிவிட்டு வெளியே போனார்.

மே 28, புதன்

காலை பஸ்ஸில் தன்வியைக் கரூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். துணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். நான்தான் மடித்துப் பையில் வைத்தேன். வாசலில் அவள், "நீங்க வரலையா பெரிம்மா?" என்று கேட்டாள். ஆபீஸ் இருக்கிறது என்றேன்.

மே 29, வியாழன்

மூன்று டம்ளர் அரிசி போட்டுவிட்டேன். யாருக்கு என்று தெரியவில்லை.

மே 31, சனி

பொம்மைகளை எல்லாம் கண்ணாடிக்குள் வைத்தாயிற்று. முப்பது அட்டையும் ஒட்டியாயிற்று. மேடம் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. இத்தனை ஊர்க் குழந்தைகளின் சாமானுக்கும் காவல் இருக்கிறேன், என் வீட்டில் ஒரு பிள்ளை இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

திறப்பு. கூட்டம் தாங்கவில்லை. பிள்ளைகள் கண்ணாடியெல்லாம் கைரேகை ஆக்கிவிட்டார்கள், துடைத்து மாளவில்லை.

பதினொன்றரைக்கு மெக்சிகோ நாய்க்குப் பக்கத்தில் யாரோ என் சேலையை இழுத்தார்கள். தன்வி. பின்னால் கதிர். பையும் கையுமாக வந்திருந்தார்கள். அவர் ஒவ்வொரு அட்டையாக நின்று படித்துக்கொண்டு போனார். எகிப்து அட்டை முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணி நல்லாத்தான் பாத்துக்கறாங்க" என்றார். "ஆனா இவ அம்மாவப் பத்திக் கேட்டா அவங்க சாக்லேட் எடுத்துக் குடுக்குறாங்க. அண்ணன் டிவி போட்டு விடுறாரு. இவ எங்கிட்ட வந்து, அப்பா, பெரிம்மா மட்டுந்தான் பதில் சொல்லுவாங்கன்னா."

நான் தலை நிமிரவில்லை.

"எனக்கு உங்க மேல கோவம் போகல. அது போவாது போலருக்கு. ஆனா எனக்கும் ஒண்ணு கேக்கணும். மூணு மாசமா யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியல." கையைப் பிசைந்தார். "அவ மொகம் எப்பிடிக்கா இருந்துச்சு?"

சொன்னேன். பொருளைப் பார்த்து ஒன்று விடாமல் குறிப்பெழுதுகிறவள் நான், எனக்கு அது ஒன்றுதான் வரும். அரக்குச் சேலை, நீங்கள் போன தீபாவளிக்கு எடுத்தது. நெற்றி நிறையக் குங்குமம், கொஞ்சம் மூக்கின் மேல் உதிர்ந்திருந்தது. தலை நடுவகிடு எடுத்து வாரியிருந்தோம், வலது பக்கம் அந்தச் சுருட்டை முடி மட்டும் படியவில்லை. தாடைக்கு வெள்ளைத் துணி. இடது கண் முழுசாக மூடவில்லை, ஒரு நூல் அளவு திறந்திருந்தது. சின்ன வயதில் தூங்குவது போல நடிக்கும்போது அப்படித்தான் வைத்துக்கொள்வாள். வலி இருந்த மாதிரியே தெரியவில்லை. கண்ணாடி கலங்கினதுக்கு அப்புறமும் முகம் மாறவில்லை தம்பி. கடைசி வரைக்கும் பரிமளாவாகத்தான் இருந்தாள்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தன்வி அவர் முழங்காலில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நகத்துல செவப்பு பாலிஷ்ப்பா" என்றாள். "நான்தான் வச்சேன், முந்துன நாளு. கட்டை வெரல்ல மட்டும் வெளில போயிருச்சு. அம்மா திட்டல."

அது எனக்குத் தெரியாது. ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று நினைத்தேன், விரலை நான் பார்க்கவே இல்லை.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு ஸ்கூல் எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

"ஒம்போது."

"அட்மிஷன் ஃபாரத்துல உங்க பேரப் போடுங்க. இங்கயே இருக்கட்டும்." வாசல் வரை போய்த் திரும்பினார். "ஒண்ணுக்கா. இனிமே எதுவா இருந்தாலும், நான் வர்ற வரைக்கும் காத்திருங்க."

ஜூலை 13, ஞாயிறு

தன்விக்கு இன்று முதல் பல் விழுந்தது. கொய்யாப்பழம் கடிக்கும்போது. பக்கத்து வீட்டு அக்கா வந்து, கூரை மேல் தூக்கிப் போடுங்கள், அப்போதுதான் நல்ல பல் முளைக்கும் என்றார். தன்வி பல்லை உள்ளங்கையில் மூடிக்கொண்டு தர மாட்டேன் என்றாள்.

கதிருக்கு அடுத்த லீவு ஜனவரியில்.

பல்லைக் கழுவி, துடைத்து, பஞ்சு வைத்த சின்ன டப்பாவில் போட்டோம். அட்டை எழுதச் சொன்னாள். எழுதிக் காட்டினேன், எழுத்துக் கூட்டிப் படித்தாள்: ‘தன்விகாவின் பல். அப்பா வந்து பார்த்த பிறகுதான் கூரையில் போட வேண்டும்.’